ஞாயிற்றுக்கிழமையிலும் ஓயாத கணினி

போன ஆண்டு, ஈப்போ நகரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்தபோது நடந்தது இது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தைச் சுத்திகரிக்கும் மையங்கள் சிலவற்றின் நோயாளி விவரங்களை நாங்கள்தான் பராமரித்து வந்தோம். எல்லாமே கிளவுடில், அதாவது இணையம் வழியாக, வாடகைக்கு எடுத்த ஒரு கணினியில் இருந்தன.

திடீரென்று அது மந்தமானது. தாப்பா ஊர் மையத்துத் தாதி தினமும் போன் செய்தாள். “அக்கா, ஸ்கிரீன் சுத்திக்கிட்டே இருக்கு லா. பேஷண்டுங்க வந்து உக்காந்துட்டாங்க. போன தடவ எவ்ளோ எடை இருந்தாங்கன்னு தெரியாம, ஒடம்புலேருந்து எவ்ளோ தண்ணி எடுக்கணும்னு நான் எப்படி முடிவு பண்றது?”

நிரலைப் பார்த்தோம், தரவுத்தளத்தைப் பார்த்தோம். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் அப்படியே இன்னும் பெரிய கணினிக்கு மாற்றினோம். கொஞ்ச நாள் அது வேகமாக ஓடியது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லா மையங்களுக்கும் விடுமுறை. ஆளில்லாத நேரத்தில் நிதானமாகப் பார்க்கலாமே என்று, மதியம் சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். கிளவுட் கணினியின் உழைப்பைக் காட்டும் கோடு தரையோடு கிடந்திருக்க வேண்டும். அதுவோ உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

என்னோடு வேலை செய்யும் அண்ணனை உடனே அழைத்தேன்.

“அண்ணே, இன்னிக்கி எந்த சென்டராச்சும் தொறந்திருக்கா?”

“ஞாயித்துக்கிழம யாருலா தொறப்பா? ஏன்?”

“அப்ப உள்ள வேலை செய்யறது யாரு?”

அவரும் தன் வீட்டிலிருந்தே அந்தக் கணினிக்குள் நுழைந்தார். ஓடிக்கொண்டிருந்த நிரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நாங்கள் நிறுவாத ஒன்று, கணினியின் பலம் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

“அலாமாக்!” என்றார் அண்ணன். “எவனோ நம்ம மெஷின்ல டிஜிட்டல் காசு தோண்டிக்கிட்டு இருக்கான் லா!”

கணினியை ஓயாமல் கணக்குப் போட வைத்து, அதற்குக் கூலியாக இணையக் காசு சேர்க்கும் வேலை அது. எப்போதோ சோதனைக்குத் திறந்து, மூட மறந்துபோன பயனர் கணக்கு வழியாக அவன் நுழைந்திருந்தான். பெரிய கணினியை வாடகைக்கு எடுத்து நாங்களே அவனுக்குத் தீனி போட்டிருக்கிறோம்!

அக்கணமே இணைப்பைத் துண்டித்தோம். பழைய நகலிலிருந்து புதிய கணினியை எழுப்பும் வரை, மையங்கள் காகிதத்தில் எழுதிச் சமாளித்தன. நடந்ததை மறைக்காமல் எல்லாரிடமும் சொன்னோம்.

தாப்பா தாதி, “அக்கா, பேஷண்டுங்க பேரு, நோயி எல்லாம் அவன் பாத்திருப்பானா?” என்று கேட்டாள்.

எதையும் எடுத்துப் போனதற்கான தடயம் கிடைக்கவில்லை. ஆனால் பார்க்கவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. “தெரியலம்மா” என்றேன்.

இன்று எங்காவது ஒரு கணினி மெதுவாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால், அதை வேகப்படுத்துவது எப்படி என்று நான் முதலில் யோசிப்பதில்லை; உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.