வெள்ளைச் சாயமும் அப்பாவின் விரலும்

முட்டத்துக்குப் பக்கத்தில் சிஸ்டர்மார் நடத்தும் முதியோர் இல்லத்தில் அப்பாவைச் சேர்த்தபோது, மறதி நோய் முற்றி அவர் பேச்சு ஏறக்குறைய நின்றிருந்தது. சனிக்கிழமைதோறும் அருமனையிலிருந்து பஸ் ஏறிப் போவேன். அன்றுதான் அங்கே படம் வரையும் வகுப்பு. மற்ற நாட்களில் சும்மா கிடக்கும் அப்பா, சாயத் தட்டைக் கண்டால் நிமிர்ந்து உட்கார்வார். ஒன்றிரண்டு வார்த்தை வரும். அதைக் கேட்கத்தான் நான் போனேன்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் கறுப்புத் தாளும் வெள்ளைச் சாயமும் கொடுத்தார். அப்பா தாளைத் தொடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். சாயத்தில் விரலை முக்கி, பக்கத்தில் இருந்தவரின் புருவ மத்தியிலிருந்து மேல்நோக்கி ஒரே இழுப்பில் நாமம் போட்டார். "அய்யா உண்டு" என்றார். எங்கள் ஊர் அய்யாவழி நிழல்தாங்கலில் கும்பிட வருகிறவர்களுக்கெல்லாம், இப்படித் தலையில் துண்டு கட்டி நாமம் இட்டவர் அவர். சாயம் அவருக்குத் திருமண்ணாகத் தெரிந்துவிட்டது. வரிசையாகப் போனார். ஒருவரும் மறுக்கவில்லை.

"ஏட்டி, இது கல்யாண வீடா? சோறு எப்பம் போடுவாவ?" என்று என்னிடம் அங்கிருந்த பாட்டி ஒருத்தி கேட்டாள். டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜெபமாலை போட்ட ஒரு கடற்கரை அம்மாவுக்கு அவர் போட்டு முடித்த நேரம், அவள் மகன் உள்ளே வந்தான். கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்தவன்.

"எங்க அம்மைக்கு எவம்ல இதப் போட்டது?"

"பெயிண்டுதான் அண்ணா, கழுவினா போயிரும்" என்றார் டீச்சர்.

"ஒங்க அம்மைக்குப் போட்டா சும்மா இருப்பியளா?"

கைக்குட்டையால் துடைக்கப் போனான். யாரோ அடிக்க வருவதுபோல அவள் முகத்தை மறைத்து அழுதாள். "அம்மே, நாந்தான், ஒனக்க மொவன்" என்று அவன் சொல்லச் சொல்ல, அவள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவன் கண் கலங்கிப்போனான். அப்பா அவனிடமும் விரலை நீட்டி, "குனி மக்கா" என்றார். அவன் கையைத் தட்டிவிட்டான்.

நான் கிளம்பும்போது சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "அவருக்கு இனி வெள்ளை வேண்டாம். தனி மேசைல இருக்கட்டும். இல்லன்னா மத்த வீட்டுக்காரவ வகுப்பையே நிறுத்தச் சொல்லுவாவ."

எனக்கு யாரிடமும் எதிர்த்துப் பேச வராது. "அவரு வாய் தொறக்கது இதுல மட்டுந்தான், சிஸ்டர்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"தெரியும் மக்ளே. அந்தப் பையன அம்மைக்கு அடையாளம் தெரியல்ல. அவனும் என்ன செய்வான்?"

அடுத்த வாரம் தனி மேசையில் பச்சையும் சிவப்பும் வைத்திருந்தார்கள். அப்பா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுபோன திருமண்ணைத் தண்ணீரில் குழைத்து அவர் முன் வைத்தேன். மெல்ல எழுந்து தலையில் துண்டு கட்டினார். குனிந்தேன். விரல் நெற்றியில் ஏறியது.

"அய்யா உண்டு. அடுத்த ஆள வரச் சொல்லு."

"எல்லாரும் போய்ட்டாவ, அப்பா."

ஹால் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீட்டிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு திருமண்ணைக் கண்டாலும் அவர் எழுந்திருக்கவில்லை.