மச்சான் பார்க்கச் சொன்ன வார்த்தைகள்

ஒரு ஊர் எதற்குப் பயப்படுகிறது என்பதை மாதாமாதம் எண்ணிக்கையாகப் பார்ப்பது என் பிழைப்பு. சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் எங்கள் ஆபீஸ். எங்கள் என்றால் நானும் மச்சானும். என் மனைவியின் அண்ணன் அவர். கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் வெப்சைட் செய்துகொடுப்போம். யாராவது செல்லில் எதையாவது தேடினால் அந்தக் கடையின் விளம்பரம் முதலில் வந்து நிற்கும்படி பார்த்துக்கொள்வோம். ஆட்களைப் பிடித்துப் பேசுவது மச்சான் வேலை. வார்த்தை பார்ப்பது என் வேலை.

வார்த்தை பார்ப்பது என்றால் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. விளம்பரக் கணக்குக்குள் ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஒரு வார்த்தையைப் போட்டு, கடலூர் மாவட்டம் என்று எல்லையையும் குறித்தால், இந்த மாவட்டத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய எத்தனை தடவை அதைத் தேடுகிறார்கள் என்று காட்டும். பக்கத்துக் கட்டத்தில் ஒரு விலை இருக்கும். அந்த வார்த்தையைத் தேடுகிற ஒருவர் தன் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே வருவதற்காக, விளம்பரம் போடுகிறவர்கள் எவ்வளவு வரை கொடுக்கிறார்கள் என்பதற்கான விலை. தேடுகிறவர்கள் ரொம்பச் சொற்பமென்றால் எண்ணே வராது. அந்த இடத்தில் சின்னதாக ஒரு கோடு விழுந்திருக்கும்.

எந்த வார்த்தைக்கு ஆள் இருக்கிறதோ அதை வைத்துத்தான் பக்கம் எழுதுவோம். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு லாட்ஜ்காரர், ரூமில் ஏசி இருக்கிறது, வெந்நீர் வருகிறது என்று பெரிதாகப் போடச் சொன்னார். பார்த்தால் ஜனங்கள் தேடுவது கோயில் நடை எப்போது திறக்கும் என்பதை. அதையே தலைப்பாக்கி ஒரு பக்கம் எழுதிப் போட்டு, அடியில் ரூமைச் சொன்னோம். அவருக்கு ஒரே சந்தோஷம். அண்ணாகிராமத்து முந்திரி வியாபாரிக்குத் தீபாவளிக்கு முன்னால் எப்போது விளம்பரத்தை ஏற்ற வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்பதும் இதே கட்டத்தில்தான் தெரிந்தது.

ஆனால் முந்திரி மட்டுமா தெரிகிறது? ஐப்பசி பிறந்தால் புயல் எங்கே நிற்கிறது என்று தேடுவது ஏறும். கொள்ளிடத்தில் தண்ணீர் எவ்வளவு என்பது ஏறும். குமராட்சிப் பக்கம் வெள்ளம் புகுந்த மாதத்தை எடுத்துப் பார்த்தால், வீட்டுக்குள் பாம்பு வந்தால் என்ன செய்வது என்பதும் கூடவே ஏறியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாய் திறக்காதவர்கள் எல்லாரும் அந்தச் சின்னச் செல் கண்ணாடியிடம் சொல்லியிருப்பார்கள். என்னைப் போன்ற ஆளுக்கு அது நல்லதில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பிரௌசிங் சென்டரில் டைப் அடிக்கப் போய் இதைக் கற்றுக்கொண்டேன். பயம் மட்டும் யாரும் கற்றுக்கொடுக்காமல் கூடவே பிறந்தது. இடது தோள் வலித்தால் எனக்கு அது மாரடைப்பு. தலை சுற்றினால் மூளையில் கட்டி.

டாக்டரிடம் போவதற்கும் பயம். அதனால் என்னிடம் ஒரு பழக்கம் உண்டாயிற்று. எது வந்தாலும் நோயைத் தேட மாட்டேன். தேடினால் வருவதைப் படிக்கிற தைரியம் இல்லை. அந்தக் கட்டத்தில் போட்டு எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன். எண் பெரிதாக இருந்தால் மூச்சு விடுவேன். “எல்லாருக்கும் வர்றதுதான், ஜாஸ்தி பேரு தேடுறாங்க” என்று வாய்விட்டே சொல்லிக்கொள்வேன். எதிர் நாற்காலியில் மச்சான் சிரிப்பார். எனக்கு ஏப்பம் வந்தாலே அன்றைக்குக் கடலூர் மாவட்டம் முழுக்க எத்தனை பேருக்கு ஏப்பம் வந்தது என்று கணக்கெடுக்கிற ஆள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவருக்குக் காய்ச்சல் வந்தே நான் பார்த்ததில்லை. பாக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் கன்னத்தில் அடக்கினாரென்றால், அது கரைவதற்குள் இரண்டு கடைக்காரர்களைப் பேசி முடித்துவிடுவார்.

போன கோடை முடிகிற சமயம், கடலூரில் ஒரு பல் டாக்டர் புதிதாக ஆஸ்பத்திரி திறக்கப் போகிறார், வெப்சைட் கேட்கிறார் என்று மச்சான் வந்து சொன்னார். வாய்ப்புண் என்ற வார்த்தைக்கு எவ்வளவு இருக்கிறது, பார் என்றார். போட்டேன். எண் பெரிதாக வந்தது. மச்சான் எழுந்து வந்து என் தோள் மேல் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“பாத்தியா மாப்ள, ஊரே வாய்ப்புண்ணோடதான் திரியுது.”

அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு தெளிச்சி. எனக்கும் டீ வாங்கிவரச் சொல்லிக் கீழே ஜெராக்ஸ் கடைப் பையனை அனுப்பினார்.

கொஞ்ச நாள் கழித்து, ஆறாத வாய்ப்புண் என்று பார்க்கச் சொன்னார். எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பரவாயில்லை, இதுவும் நிறையத்தான் என்றார். அப்புறம், காரம் பட்டால் வாய் எரிகிறது. இன்னும் குறைவு. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் சில வாரங்கள் போகும். வெப்சைட்டுக்கு மேலே போட டாக்டர் பேர் என்ன என்று கேட்டால், போர்டு இன்னும் எழுதவில்லை என்பார். போட்டோ கேட்டால் அனுப்புவார் என்பார்.

பல் டாக்டர்களுக்கு நாங்கள் முன்பே வேலை செய்திருக்கிறோம். அவர்கள் கேட்கிற வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். பல் கட்டுவது, கம்பி போடுவது, சொத்தைப் பல் எடுப்பது. ஆஸ்பத்திரிக்கு ஆள் வருவது அதில்தான். இந்த டாக்டர் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வாய்க்குள்ளேயே ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு மச்சான் புது வார்த்தை சொல்ல வாயெடுத்தாலே வேறு கடை வேலையைக் காட்டித் தள்ளிப்போட ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில் என் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். நான் வீட்டில் இல்லாத மத்தியானம் அண்ணனைக் கூப்பிட்டு வஞ்சிரம் மீன் குழம்பு வைத்திருந்தாள். அவர் குழம்பைத் தொடவில்லை. மோர் சாதத்தைக் குழையப் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். பல்வலி என்றாராம்.

“பல்வலின்னா ஒரு பக்கமா மெல்லுவாங்க. அண்ணன் மெல்லவே இல்லீங்க.”

அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கும் இறங்கவில்லை. மச்சானைக் கவனிக்க ஆரம்பித்தேன். மத்தியானம் பரோட்டா தின்றவர் இட்லிக்கு வந்து, இட்லியிலிருந்து கஞ்சிக்கு வந்திருந்தார். கொட்டாவி வந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாக்கு மட்டும் நிற்கவில்லை. வெளியே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

வாய் முழுசாகத் திறக்க முடியவில்லை என்பதைப் பார்க்கச் சொன்ன நாளில், எண்ணைவிட்டு என் கண் பக்கத்துக் கட்டத்துக்குப் போனது. இத்தனை மாதமாக அவர் எண்ணிக்கையைப் பார்த்தார், நானும் அதையே பார்த்தேன். விலையைப் பார்க்கவில்லை. வாய்ப்புண்ணுக்கு விலை டீக்காசுதான். ஆறாத புண்ணுக்குக் கொஞ்சம் மேலே. இந்தக் கடைசி வார்த்தையைத் தேடுகிறவர்கள் மாவட்டத்திலேயே விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆனால் விலை எங்கேயோ போய் நின்றது. சிதம்பரத்திலோ கடலூரிலோ இருக்கிற பல் டாக்டர் யாரும் அந்த விலை கொடுக்க மாட்டார். சென்னை, பாண்டிச்சேரிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள்தான் கொடுக்கும். அவர்கள் எதற்குக் கொடுப்பார்கள் என்று யோசிக்க எனக்கு ஒன்பதாம் வகுப்பே போதும். ஆள் குறையக் குறைய விலை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

மச்சான் விலையைக் கவனிக்கவில்லை. இன்னொன்று போடச் சொன்னார். வாயிலிருந்து காது வரை வலி. கோடு விழுந்தது.

“கோடா?”

“கோடுதான்.”

“அப்ப அப்படி ஒண்ணு கெடையாது மாப்ள. இருந்தா நாலு பேராவது தேடியிருப்பான்.”

சொல்லிவிட்டு அவர் நாற்காலிக்குப் போனார். நிறையப் பேர் தேடினால் சாதாரணம், யாரும் தேடாவிட்டால் இல்லவே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் தப்பிக்கிற மாதிரி ஒரு கணக்கு. அது யாருடைய கணக்கு என்று எனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து தினமும் வாய்விட்டுச் சொன்னது நான்.

டீ வந்தது, கூடவே மெதுவடை. மச்சான் வடையைப் பிட்டு டீயில் ஊறப்போட்டார். கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த டாக்டர் கடலூரில் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். மஞ்சக்குப்பம் என்றார். போன தடவை திருப்பாதிரிப்புலியூர் என்று சொன்னீர்களே என்றேன். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாயத் தொறங்க மச்சான்.”

“நீ என்ன மாட்டு டாக்டரா?”

“தொறங்க.”

சிரிக்கப் பார்த்தார். சிரிப்புக்கும் அந்த வாய் இடம் கொடுக்கவில்லை. பிறகு திறந்தார். முழு பலத்தையும் கொடுத்துத் திறக்கிறார் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. என் ஒரு விரல் நுழையும், இரண்டாவது இடிக்கும். அவ்வளவுதான் திறந்தது. செல் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்து உரிந்த சுவர் மாதிரி இருந்தது. கொஞ்சம் பின்னால், பாக்கு அடக்குகிற இடத்தில், சிவப்பாக ஒன்று. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. வெளிச்சத்தை அணைத்துவிட்டேன்.

“மொத வார்த்தைக்கு எவ்ளோ பேருன்னு பாத்தல்ல,” என்றார் மச்சான். “எல்லாருக்கும் வர்றதுதான். நீதான சொல்லுவ.”

“நீங்க எத்தன பேருன்னு பாத்தீங்க. நான் வெலயப் பாத்தேன் மச்சான்.”

அவர் எழுந்து வந்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பி, எல்லா வார்த்தைகளையும் வரிசையாகப் போட்டு, ஒதுங்கி நின்றேன். விலைக் கட்டத்தில் அவர் விரல் மேலிருந்து கீழே வந்தது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தபோது அந்தக் கட்டத்தைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். எந்த வியாபாரி எதற்கு எவ்வளவு கொடுப்பான் என்பதை வைத்து அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய செலவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம், ஒருத்தனும் சும்மா காசைக் கொட்ட மாட்டான் என்று அப்போது சொல்லிக்கொடுத்தார். விரல் கடைசி வரியில் நின்றது. வெகுநேரம் அதை அங்கிருந்து எடுக்கவே இல்லை.

“தங்கச்சிக்குத் தெரிய வேணாம்,” என்றார்.

சிதம்பரத்தில் காட்டிக்கொள்ள அவருக்கு மனமில்லை. வீதிக்கு வீதி தெரிந்தவர்கள். அதனால் கடலூருக்குப் போனோம். அங்கே நாங்கள் பார்த்த பல் டாக்டர் சின்ன வயசுக்காரர், அதிகம் பேசாதவர். மச்சான் வாயில் மரக்குச்சி ஒன்றை வைத்து அளந்தார், விளக்கடித்துப் பார்த்தார். எத்தனை வருஷமாகப் பாக்கு என்று கேட்டார். எத்தனை மாதமாகப் புண் என்று கேட்டார். மச்சான் கோடைக்கு அப்புறம் என்று குறைத்துச் சொன்னார். நான் குறுக்கே புகுந்து, இல்லை சார், அதற்கு முன்னாலேயே இருக்க வேண்டும் என்றேன். டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துணுக்கு வெட்டி எடுத்து, சின்ன டப்பாவில் போட்டு மூடினார். பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டும், வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொல்வார் என்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னல் பக்கம் மச்சான், வாயில் பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டு. ஆலப்பாக்கம் தாண்டும்போது கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பையில் கையை விட்டுப் பாக்குப் பொட்டலத்தை எடுத்தார், கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார், மறுபடி பையிலேயே போட்டார். வெளியே எறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

புதுச்சத்திரம் வருவதற்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. கண்டக்டர் வந்து ஷட்டரை இறக்கச் சொன்னார். இருட்டான மாதிரி ஆகிவிட்டது. மச்சான் என் முழங்கையைத் தட்டினார். பஞ்சோடு பேசியதால் பாதிதான் கேட்டது, ஆனால் புரிந்தது.

“இன்னும் ஒண்ணு பாரு மாப்ள. சதை வெட்டி எடுத்தா ரிசல்ட்டு எப்ப வரும்னு. எத்தன பேரு தேடுறான் பாரு.”

செல்லை எடுத்தேன். எல்லை கடலூர் மாவட்டம். வார்த்தையைப் போட்டேன். சிக்னல் இல்லை. பக்கம் வெள்ளையாக நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மச்சான் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜாஸ்தி பேரு மச்சான்,” என்றேன்.

அவர் தலையை ஷட்டரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற வரை வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எண் வருவதற்குள் நான் செல்லை அணைத்துவிட்டேன். இன்னும் கடலூரிலிருந்து போன் வரவில்லை. வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்துப் பார்த்து என்னவென்று கேட்கிறாள். இதுவும் என்னுடைய வழக்கமான பயம்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவள் அதை நம்புகிறாள். எனக்கு ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லை அல்லவா.