வெறுங்கால் சோதனை

கண்களை மூடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடக்கிறார். புதிதாகப் பார்ப்பவர்கள் மனிதருக்கு மறை கழன்றுவிட்டது என்றே நினைப்பார்கள். போட்டு முடித்த மெத்தைகளின் இணைப்புகளைக் கால் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார், அவ்வளவுதான். சண்டைப் பயிற்சிக்கூடங்களுக்குத் தரைமெத்தை போடுவது இருபத்திரண்டு வருடப் பிழைப்பு. மாஸ்டர்கள் எல்லாருக்கும் இவர் மெத்தைக்காரர்.

"கண்ணு ஏமாத்தும். கையெல்லாம் காய்ப்பு. பிள்ளைங்க வெறுங்காலோடதான ஆடுதுங்க? இடுக்குல விரல் மாட்டுனா முறிஞ்சிடும். அதைக் கால்தான் சொல்லணும்" என்பார்.

பல்லோடு பல் கோத்துக்கொள்ளும் மெல்லிய துண்டுகள் கராத்தேவுக்கு. தூக்கினால் இடுப்பைக் கேட்கும் கனத்த மெத்தை ஜூடோவுக்கு. மல்யுத்தத்துக்கு விரித்துப் போடும் சுருள் மெத்தை. எல்லாவற்றுக்கும் மெல்லியதே போதும் என்று ஒரு மாஸ்டர் அடம்பிடித்தபோது, "கராத்தேக்காரன் நிக்கணும், ஜூடோக்காரன் விழணும். மெல்லிசுல விழுந்தா கழுத்து போகும். எவன் கழுத்துன்னு சொல்லிட்டுப் போங்க" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாய்க்குக் குறைச்சலில்லை. உடம்புதான் கைவிட்டுக்கொண்டு வருகிறது. பத்து வருடச் சர்க்கரை. ஆறு மாதமாகப் பாதம் மரத்துப்போய், வெந்நீர் ஊற்றினாலும் தெரிவதில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். தினமும் அவர் பாதத்தை மடியில் வைத்துப் புண் இருக்கிறதா என்று பார்ப்பவள் அவள்தான். "மாஸ்டருங்ககிட்ட சொல்லித் தொலைங்களேன்" என்றால், "சொன்னா அப்புறம் எவன் கூப்பிடுவான்?" என்று அவள் வாயை அடைத்துவிடுவார். இந்த ஆறு மாதத்தில் பதினொரு கூடம் போட்டாயிற்று. ஊரார் பிள்ளைகளின் விரலை வைத்து விளையாடலாமா என்று அவள் கேட்டால், பாவம், சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த கூடத்துக்குக் கிளம்பிவிடுவார்.

இன்றைக்கு ஜூடோ கூடம். நடந்து முடித்து, "கச்சிதமா இருக்கு. பிள்ளைங்களை வரச் சொல்லுங்க" என்றார். மாஸ்டர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க காலு."

நீல மெத்தைமேல் மூன்றாவது வரிசையிலிருந்து வாசல்வரை சிவப்புப் பொட்டுகள். மெத்தை வெட்டும் கத்தியின் ஒடிந்த முனை குதிகாலில் பாதி இறங்கியிருந்தது.

"வலிக்கலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கத்தி இறங்கியதே தெரியாத காலுக்கு இடுக்கா தெரிந்திருக்கும்? வாசலில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களை உள்ள விடாதீங்க மாஸ்டர்" என்றார். "என் காலுக்கு உணர்ச்சி கிடையாது. ஆறு மாசமாச்சு."

முனையைப் பிடுங்கி எறிந்தார். குதிகாலில் கைக்குட்டையைக் கட்டினார். முதல் வரிசைக்குப் போய்க் குப்புறப் படுத்து, இணைப்பின்மேல் கன்னத்தை வைத்து அங்குலம் அங்குலமாக நகரத் தொடங்கினார். நான்காவது இணைப்பில், கால் கச்சிதம் என்று தாண்டிப்போன இடுக்கில், கன்னம் இடறி நின்றது. போட்டுவிட்டு வந்த பதினொரு கூடமும் நினைவுக்கு வர, அவர் தலையைத் தூக்கவேயில்லை.