கீழணியின் கோல் காப்பாளன்

மெல்பேர்னில் ஐஸ் ஹொக்கி ஆடும் தமிழன் என்றால் ஆட்கள் சிரிப்பார்கள். ஆடுவது கீழணியில் என்றால் இன்னொரு தடவை சிரிப்பார்கள். மேலணிக்கு ஆள் வளர்த்துக் கொடுப்பதுதான் கீழணியின் வேலை. எவனாவது நன்றாக ஆடத் தொடங்கினால் உடனே அவனைத் தூக்கிவிடுவார்கள். எஞ்சியவர்கள் தோற்போம். எங்கள் அணியின் வரலாறு, விட்டுப் போனவர்களின் வரலாறுதான். ஐஸ் தளத்தின் கன்டீன் சுவரில் வருடா வருடம் எடுத்த அணிப் படங்கள் தொங்குகின்றன. எல்லாவற்றிலும் இருக்கிற ஒரே முகம் என்னுடையது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஒரு தடவையாவது மேலே போய்விட வேண்டும் என்று கிடந்து தவித்தேன்.

போன குளிர்காலத்தில் அழைப்பு வந்தது. மேலணியின் இரண்டாவது கோல் காப்பாளனுக்கு முழங்காலில் அடி; அவனுக்குப் பதிலாக நான். டண்டினொங்கில் வேலை செய்யும் இடத்தில் லீவு சொல்லிவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

ஐஸ் ஹொக்கியில் ஆட்டம் நடக்கும்போதே ஆட்டக்காரர்கள் மாறி மாறிக் களத்தை விட்டு வந்து, ஓரத்து வாங்கில் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். அவர்களுக்குக் கதவு திறந்து மூடுவது, வாங்கில் இருக்கும் இரண்டாவது கோல் காப்பாளன். தலையணை மாதிரிக் கால்கவசம், நெஞ்சுக்கவசம், முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு கதவு திறந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் கீழே என்னோடு ஆடியவர்கள். தோளில் தட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். கடைசிவரை என்னைக் களத்தில் இறக்கவில்லை.

முடிந்ததும் பயிற்சியாளர் வந்து, இந்த சீசன் முழுக்க மேலணியிலேயே இருக்கச் சொன்னார். இத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை. யோசித்துச் சொல்கிறேன் என்று என் வாய் சொன்னது.

காரில் ஏறியதும் மனைவி கேட்டாள்: "கதவு திறக்கிறதுக்கோ இவ்வளவு சாமானும் போட்டனீங்கள்?"

சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. "ஓம். ஆனா நல்லாத் திறந்தனான்."

"கீழ எண்டா விளையாடலாம்தானே?"

"விளையாடலாம். தோத்துப் போவம்."

"இவ்வளவு நாளும் தோத்துப்போட்டுத்தானே வீட்டை வந்து சாப்பிட்டனீங்கள்?"

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, வரவில்லை என்று பயிற்சியாளருக்குச் செய்தி அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை கீழணியின் கோலுக்கு முன்னால் நின்றேன். மானம் போகிற மாதிரித் தோற்றோம். பாதியைத் தடுத்தேன், பாதியை விட்டேன். ஆனால் எதிரணி அடித்த ரப்பர் வட்டு ஒவ்வொன்றும் நேரே என்னைத் தேடித்தான் வந்தது.