எட்டாம் நம்பர் மெசின் 7A ஆன கதை

எண்பத்தைந்தில், கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் பக்டரியில் மோல்ட் செற்றராக இருந்தேன். போத்தல் மூடி அடிக்கிற மெசின்களை ஓட விடுவதும், பழுதானால் திருத்துவதும் என் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை எட்டாம் நம்பர் மெசினில் கண் திருஷ்டிக்குக் கட்டுவதுபோலத் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் தொங்கின.

“இது என்ன, உங்கள் ஆட்களின் லஞ்சா?” என்று போர்மன் ஜோர்ஜ் கேட்டான்.

கட்டியவர் யோகம் என்ற பெண். வேலைக்குப் புதிது. வேலை நிரந்தரமானால்தான் கொழும்பில் காத்திருந்த கணவரை ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாம். அந்த மெசினில் நின்ற இரண்டு பேரை ஏற்கெனவே வேலையை விட்டு நிற்பாட்டியிருந்தார்கள்.

“அண்ணை, எட்டு சனியின்ர நம்பர். உதில நிண்டு ஆர் உருப்பட்டது? மூடியெல்லாம் அரைகுறையா வருது. என்னையும் கலைச்சுப்போடுவாங்கள்” என்று அழுதார்.

ஜோர்ஜ் விடவில்லை. “நம்பரில் என்ன இருக்கிறது? மூடநம்பிக்கை! இவர்களுக்குக் கவனம் இல்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன்.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “அப்ப பதின்மூன்றாம் நம்பர் மெசின் எங்கே?” என்றேன்.

வெள்ளைக்காரர்களுக்குப் பதின்மூன்று ஆகாது; எங்கள் வரிசையில் பன்னிரண்டுக்கு அடுத்தது பதினான்கு. ஜோர்ஜ் திரும்பிப் பார்த்தான். முகம் சிவந்தது, பிறகு வாய்விட்டுச் சிரித்தான். மத்தியானம் தானே பெயின்ற் கொண்டுவந்து எட்டை அழித்து 7A என்று எழுதினான்.

யோகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெசினில் நின்றார். மூடிகளும் நன்றாக வந்தன. வியாழக்கிழமை பழையபடி அரைகுறை மூடி. ஐயோ, இந்தப் பிள்ளையின் வேலை போச்சு என்று நினைத்தேன். யோகம் நேரே என்னிடம் வந்தார்.

“அண்ணை, சனியைத்தான் அழிச்சுப்போட்டமே. நானும் கவனமாத்தான் நிக்கிறன். அப்ப பிழை மெசினிலதான். கழட்டிப் பாருங்கோ.”

கழற்றினேன். உள்ளே ஹீற்றர் வயர் ஒன்று தொட்டும் தொடாமலும் கிடந்தது. சூடு விட்டு விட்டு வந்ததால் பிளாஸ்ரிக் சரியாக உருகி மோல்ட் அச்சை நிரப்பவில்லை. முறுக்கி விட்டேன், சரி.

சனியில் பழியைப் போட்டால் ஸ்பானர் எடுக்கத் தேவையில்லை. ஆளில் போட்டாலும் தேவையில்லை. ஒரு காரணம் கையில் கிடைத்ததும் மனம் தேடுவதை விட்டுவிடும். நான் படித்த பாடம் இதுதான்: முதலில் வருகிற காரணத்தை ஒருதடவை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்.

ஜோர்ஜ் யோகத்தை நிரந்தரமாக்கினான். நிற்பாட்டிய இருவரையும் திரும்பக் கூப்பிட்டான், ஒருவர் வந்தார். அடுத்த வருடம் யோகத்தின் கணவரும் வந்து, எங்கள் பக்டரியிலேயே சேர்ந்தார்.

“இவரை எந்த மெசினில விடுவம்?” என்று யோகத்திடம் கேட்டேன்.

“இதென்ன கேள்வி அண்ணை? 7A இலதான். அது நல்ல ராசியான மெசின்.”