கடைசிக் கழுத்து

பஞ்சுக்கை என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் சவரக்கத்தியை வைத்தால் பஞ்சால் துடைப்பது போல இருக்குமாம். கன்னத்தை எவன் வேண்டுமானாலும் வழிக்கலாம், கழுத்துதான் சமாச்சாரம். வெந்நீர்த் துண்டைப் போட்டு ஊறவிட்டு, முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து, ஒரே இறக்கம். தொண்டை மேட்டுக்கு வந்ததும், எச்சிலை முழுங்கிவிட்டு அப்படியே இருக்கச் சொல்வார். அந்த நொடியில் வேலை முடிந்துவிடும். நாற்காலியிலேயே குறட்டை விட்டவர்கள் உண்டு.

போன வருஷம் அந்தப் பாழாய்ப்போன நடுக்கம் வந்தது. முதலில் டீ டம்ளரில் தெரிந்தது, அப்புறம் கத்தியில். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை மனுஷன். ஒருநாள் தபால்காரரின் காதுக்குக் கீழே லேசான கீறல், ஒரே ஒரு சொட்டு ரத்தம். பரவாயில்லை என்று சிரித்துவிட்டுத்தான் போனார் தபால்காரர். மறுவாரம் பார்த்தால் தாடி. அதற்கப்புறம் வந்தவர்களெல்லாம் முடி மட்டும் போதும் என்றார்கள். திடீரென்று தெருவுக்கே தாடி மேல் ஆசை வந்துவிட்டதாக்கும்! யாரும் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மிச்சமிருந்தது மச்சினன் ஒருத்தன்தான். அவன் கழுத்தை நீட்டும்வரை தானும் ஒரு தொழில்காரன்தான் என்று பஞ்சுக்கை வீம்பாக நம்பிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வந்து சாய்ந்து உட்கார்ந்தான். துண்டை எடுத்துவிட்டு விரலை வைத்தார். வழவழவென்று இருந்தது. வீட்டிலேயே வழித்துக்கொண்டு வந்திருக்கிறான். அவன் அக்காதான் சொல்லி அனுப்பியிருப்பாள். அப்படியானால் அவளுக்கும் தெரியும்.

பஞ்சுக்கை வழக்கம்போலச் சோப்பு நுரையைப் பூசினார். கத்தியைத் திருப்பி, கூரே இல்லாத முதுகுப் பக்கத்தால் நுரையை வழித்தெடுத்தார். மச்சினன் கண்ணை இறுக்க மூடி, விரல் வெளுக்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தான். வெட்டாத பக்கத்துக்கே அவனுக்கு அவ்வளவு பயம்.

முடிந்ததும் கழுத்தைத் தடவிக்கொண்டு, "உங்க கை கைதான் மாமா" என்றான்.

"இனிமே வீட்டுலயே வழிச்சுக்கோ மாப்ள."

அவன் தலை குனிந்துகொண்டான். ஏன் என்று கேட்கவில்லை.