சாவிக்காரனுக்கு விடை கொடுத்தவர்

கணினி நிரலில் ஒரு வரியை அழிக்குமுன் அதை வாய்விட்டு வாசிக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "போதும்ப்பா, நல்லா உழைச்சே, கெளம்பு" என்கிறார். அப்புறம்தான் விசையில் விரல். வேண்டாத பழைய நிரல்களைக் களைவதே வேலை என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'ஒட்டடை அக்கா' என்று பெயர். கோபப்பட மாட்டார். "ஒட்டடை அடிக்கிறவ கழுத்து வலி உங்களுக்கென்னடா தெரியும்" என்பதோடு சரி.

கணினிக்கு உயிர்நாடியாக ஒரு மென்பொருள் உண்டு. மற்றதெல்லாம் அதன் தயவில்தான் பிழைக்கிறது. யாருக்கு எவ்வளவு நினைவகம் என்று அளந்து கொடுப்பதும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிவைப்பதும் அதன் பொறுப்பு. அந்த நினைவகக் கிடங்குக்கு வெகுகாலமாக ஒரு சாவிக்காரன், அதாவது ஒரு நிரல்பகுதி. பிறகு கெட்டிக்காரனாக இன்னொருவன் வந்தான். பழையவனை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. எந்தச் சின்ன மாற்றத்தையும் இருவருக்குமாக இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது.

பழையவனை நீக்கவேண்டும்; பட்டம் வாங்கிய பத்துப் பேர் தொடப் பயந்த அந்த வேலை அக்காவிடம் வந்தது. அக்கா கல்லூரியில் மழைக்குக்கூட ஒதுங்காதவர். தட்டச்சு செய்ய வந்த இடத்தில், அடித்த ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டு நச்சரித்தே கற்றவர். சும்மா வருமா?

எதை நீக்குவதானாலும் ஆறு வாரம் முன்பே, யாராவது பயன்படுத்துகிறீர்களா என்று கூடப் பணிசெய்வோரின் மின்னஞ்சல் குழுவில் கேட்டுவிடுவார். இம்முறை மூச்சுப் பேச்சில்லை. கடைசி நாளில்தான், எப்படியோ கேள்விப்பட்ட ஒரு எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கின் கடிதம் வந்தது. அவருக்கும் மனைவிக்கும் காது கேட்காது. தொட்டிலில் குழந்தை அழுதால் தலையணைக்கு அடியில் ஒரு தட்டை அதிரவைக்கும் பெட்டியொன்றைச் செய்திருக்கிறார். அவர்களைப் போன்ற நாற்பது வீடுகளில் அது இருக்கிறது. அதன் நினைவகம் துளியூண்டு. புதிய சாவிக்காரனை ஏற்றிப் பார்த்தாராம். அவன் உட்கார்ந்ததும் வேறெதற்கும் இடமில்லை. குழந்தை அழுதது, தட்டு அசையவில்லை.

நாற்பது பெட்டிக்காக ஊர் உலகமே காத்திருக்குமா, அவர்கள் பழைய பதிப்பையே வைத்துக்கொள்ளட்டும் என்றார் மேலாளர். பழைய பதிப்பில் நாளை ஓட்டை விழுந்தால் அடைக்க நாதியில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"நாப்பது பெட்டி இல்ல சார், நாப்பது தொட்டில்" என்றார் அக்கா. "தப்பு என்னுது. நம்ம தெருவுல மட்டும் தண்டோரா போட்டுட்டு, ஊர்ல யாருமே இல்லன்னு நெனச்சுட்டேன்."

இரண்டு வாரம் கேட்டு வாங்கினார். பெரிய இயந்திரங்களுக்காகப் புதியவன் சுமந்துவந்த மூட்டைகளை, சின்னப் பெட்டிக்குள் நுழையும்போது வாசலிலேயே இறக்கிவைக்கப் பழக்கினார். பதினோராம் நாள் மெக்கானிக்கிடமிருந்து பார்சலில் புதியவனை ஏற்றிய ஒரு பெட்டி வந்தது, கூடவே ஒரு சீட்டு: எங்கள் வீட்டில் எழுப்புகிறது, நீங்களும் தொட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, பேருந்து ஓட்டும் கணவரைக் குழந்தைபோல் அழச் சொன்னார்.

"கல்யாணம் ஆன நாளா அதுதானே பண்றேன்" என்று முனகியபடி அவர் பெட்டியோடு உள்ளறைக்குப் போனார்.

தலையணைக்கடியில் வைக்கும் தட்டு அக்காவின் இடது உள்ளங்கையில் இருந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு, கையில் பிடித்த குருவிக்குஞ்சு போல அது படபடத்தது. நின்றது. மறுபடி படபடத்தது.

இடக்கையை எடுக்காமலே, பழைய சாவிக்காரனை நீக்கும் மாற்றத்தை வலக்கையால் அனுப்பினார். கணவரிடம் போதும் என்று சொல்லத் தோன்றவில்லை. கண்ணை மூடி, தட்டின்மேல் வலக்கையையும் பொத்திக்கொண்டார். உள்ளே அந்த மனிதர் தொண்டை கட்டும்வரை அழுதுகொண்டிருந்தார்.